காற்றில் அளக்கும் தூரம்

2016 அக்டோபர் நடுவில் ஏர் இந்தியா தன் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தின் வழியை மாற்றியது. அதுவரை அந்த விமானம் மேற்கே கிளம்பி, ஐரோப்பாவைக் கடந்து, அட்லாண்டிக் பெருங்கடல் மீது பறந்து, அமெரிக்காவின் மறுகரைக்குப் போய்ச் சேரும். அந்த வழி சுமார் 13,900 கி.மீ. புதிய ஏற்பாட்டில் விமானம் கிழக்கே திரும்பியது. ஜப்பானைத் தாண்டி, பசிபிக் பெருங்கடலைக் குறுக்கே கடந்து, அதே ஊரில் இறங்கியது. இந்த வழி சுமார் 15,300 கி.மீ. அதாவது 1,400 கி.மீ. கூடுதல், சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு வான்வழியில் உள்ள தூரம் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் கிழக்கே போன விமானம் பதினான்கரை மணி நேரத்தில் தரையிறங்கிவிட்டது. பழைய வழியில் ஆகும் நேரத்தைவிட இது ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. விமானம் அதே ரகம், இயந்திரங்களும் அதே. ஒரு சென்னை – கொல்கத்தா தூரத்தைக் கூடுதலாகப் பறந்தும் முன்னதாகவே போய்ச் சேர முடிந்தது எப்படி?

காற்று பின்னால் இருந்து தள்ளியது என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அது சரியான பதில்தான். ஆனால் அந்த வரிக்குள் இருக்கும் உண்மை, தூரம் என்ற சொல்லை நாம் புரிந்துகொண்டிருக்கும் விதத்தையே மாற்றக் கூடியது. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே இத்தனை கிலோமீட்டர் என்று நாம் சொல்லும் எண், தரையின் எண். விமானம் தரையில் போவதில்லை. அது கடக்க வேண்டியது காற்றை. அந்தக் காற்றோ ஓர் இடத்தில் நிற்பதில்லை. ஆகவே பயண நேரத்தைத் தீர்மானிக்கும் தூரத்தை வளிமண்டலத்தில்தான் தேட வேண்டும், வரைபடத்தில் அல்ல. அது நாளுக்கு நாள் மாறும், போகும் திசைக்கு ஏற்பவும் மாறும். இதைத்தான் இங்கே நிறுவ முயல்கிறேன்.

முதலில் தரையின் எண்ணையே சரியாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதிலும் நம் கண்ணை ஏமாற்றும் ஒன்று இருக்கிறது. ஒரு பந்தின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையே நூலை இழுத்துப் பிடித்தால் அது எந்தக் கோட்டில் படிகிறதோ அதுதான் அவற்றுக்கு இடையே மிகக் குறுகிய வழி. அந்தக் கோடு பந்தைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின் ஒரு துண்டு. அந்த வட்டத்தைப் பெருவட்டம் என்கிறோம். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் இந்தக் கோடு வடக்கே வளைந்து, வீண் சுற்றுபோலத் தெரியும். சிங்கப்பூர் – நியூயார்க் இதற்கு அழகான சான்று. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.4 டிகிரியில் இருக்கிறது. அங்கிருந்து வடதுருவம் 88.6 டிகிரி. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் 40.6 டிகிரியில், துருவத்திலிருந்து அதற்கு 49.4 டிகிரி. தீர்க்கரேகையில் இரண்டும் ஏறத்தாழ 178 டிகிரி விலகி, உலக உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், குறுகிய வழி துருவத்தை உரசிக்கொண்டுதான் போக முடியும். 88.6, 49.4 இரண்டையும் கூட்டினால் 138 டிகிரி. டிகிரிக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் சுமார் 15,300 கி.மீ. கணினி சொல்லும் எண் 15,349. பள்ளிக்கூடப் புவியியல் தெரிந்த ஒருவர் காகிதத்தில் போடும் கணக்கு, உலகின் மிக நீண்ட வழக்கமான விமானப் பயணத்தின் தூரத்தை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லிவிடுகிறது. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் வழி நீளாதா என்று சிலர் கேட்பார்கள். பூமியின் ஆரம் 6,371 கி.மீ.; அதோடு 11-ஐச் சேர்த்தால் வழி ஆயிரத்தில் இரண்டு பங்குகூட நீளாது. 15,000 கி.மீ. பயணத்தில் அது 26 கி.மீ.தான். அதை மறந்துவிடலாம்.

டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இதே கணக்கைப் போட்டால் சுமார் 12,370 கி.மீ. வருகிறது. ஏர் இந்தியாவின் இரண்டு வழிகளில் எதுவும் இந்த எண்ணுக்கு அருகில்கூட இல்லை. நூல் படிகிற கோட்டிலேயே போக வேண்டுமானால் விமானம் டெல்லியிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே, சற்றே கிழக்காகத் திரும்பி, இமயமலையையும் திபெத் பீடபூமியையும் தாண்டி, சைபீரியா வழியாக ஆர்க்டிக் பெருங்கடலுக்குள் நுழைந்து, அலாஸ்கா பக்கமாக இறங்கி வர வேண்டும். திபெத்தின் சராசரி உயரம் சுமார் 4,500 மீட்டர். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே 3,000 மீட்டர் அளவுக்கு இறக்கியாக வேண்டும். பயணிகளின் தலைக்கு மேலிருந்து விழும் முகமூடியில் ஆக்சிஜன் சில நிமிடங்களுக்கே வரும். கீழே இருக்கும் தரையே அதைவிட உயரம் என்றால் எங்கே இறங்குவது? இதனால்தான் திபெத்தின் மேல் விமானங்கள் அதிகம் செல்வதில்லை. ஆக, பெருவட்டத் தூரம் என்பது எல்லா வழிகளுக்கும் ஒரு கீழ் வரம்பு. அதைவிடக் குறைவாக யாராலும் போக முடியாது என்று மட்டுமே அது சொல்கிறது.

இனி காற்றுக்கு வருவோம். ஆற்றில் ஓடம் செலுத்துகிறவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. துடுப்பு தள்ளுவது தண்ணீரை. ஓடம் எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கரையில் இருந்து பார்த்தால் ஓர் எண், தண்ணீரோடு ஒப்பிட்டால் இன்னோர் எண். விமானத்தின் இறக்கைகளும் இயந்திரங்களும் காற்றை மட்டுமே அறியும். போயிங் 777-200எல்ஆர் போன்ற விமானம் தன்னைச் சூழ்ந்த காற்றை மணிக்கு ஏறக்குறைய 890 கி.மீ. வேகத்தில் கிழித்துக்கொண்டு போகிறது. பதினான்கரை மணி நேரத்தில் அது கடந்த காற்றின் அளவு, தோராயமாக 12,900 கி.மீ. ஆனால் தரையில் அதன் நிழல் 15,300 கி.மீ. நகர்ந்திருக்கிறது. மிச்சமுள்ள 2,400 கி.மீ.யை அது பறக்கவே இல்லை. காற்று சுமந்துகொண்டு போனது. அட்லாண்டிக் வழியையும் இப்படிப் பார்க்கலாம். பதினாறரை மணி நேரம் அதே வேகத்தில் என்றால் ஏறக்குறைய 14,700 கி.மீ. காற்று; தரையில் கிடைத்தது 13,900 கி.மீ. மட்டும். மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் இவை முரட்டுக் கணக்குகள்தான். இருந்தாலும் படம் தெளிவாகிவிடுகிறது. காற்றில் அளந்தால் பசிபிக் வழியே குறுகியது, அதுவும் 1,800 கி.மீ. அளவுக்கு. தரையில் அளந்ததால்தான் அது சுற்றுவழியாகத் தெரிந்தது. விமானங்களின் பயணத் திட்டம் போடுகிறவர்கள் இந்த இரண்டு தூரங்களையும் தனித்தனியே கணக்கிடுகிறார்கள். எவ்வளவு எரிபொருள் என்பதைக் காற்றுத் தூரத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

இந்தக் காற்று ஏன் எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது? இங்கேதான் பரவலான ஒரு தவறான எண்ணம் குறுக்கிடுகிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது; அப்படியானால் மேற்கே போகும் விமானத்துக்கு எதிரே ஊரே ஓடிவர வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. டெல்லி இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்கு ஏறக்குறைய 1,470 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது. விமானம் மேலே எழும்பியதும் பூமி அதன் அடியில் இப்படி ஓடுமானால், எந்த இயந்திரமும் இல்லாமல் ஒரு பலூனில் ஏறி நின்றாலே மாலைக்குள் ஆப்பிரிக்காவைத் தாண்டிவிடலாம். அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. சேர்ந்து சுழலாவிட்டால் நம் தெருவில் எந்நேரமும் புயலைப்போல ஏழெட்டு மடங்கு வேகத்தில் காற்று வீசிக்கொண்டிருக்கும். எனவே சுழற்சி நேரடியாக விமானத்தைத் தள்ளுவதும் இல்லை, தடுப்பதும் இல்லை.

ஆனால் சுழற்சிக்கு இதில் பங்கே இல்லை என்று சொன்னாலும் தவறாகிவிடும். அது சுற்றிவளைத்து வேலை செய்கிறது. வெப்ப மண்டலத்தில் காற்று சூடாகி விரிந்து உயரமாக நிற்கிறது. துருவத்தில் குளிர்ந்து சுருங்கிக் குட்டையாக இருக்கிறது. அதனால் பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஒரே மட்டத்தில் பார்த்தால் தெற்கே அழுத்தம் அதிகம், வடக்கே குறைவு. காற்று தெற்கிலிருந்து வடக்கே பாய முயல்கிறது. சுழலும் பூமியின் மேல் நகரும் எதுவும் வட அரைக்கோளத்தில் வலப்பக்கம் விலக்கப்படும் என்பதால், வடக்கே கிளம்பிய காற்று வலப்புறம் ஒடிந்து கிழக்கு நோக்கி ஓடத் தொடங்குகிறது. வெப்பத்துக்கும் குளிருக்கும் எல்லையாக அமைந்த குறுகிய பட்டைகளில் இந்த ஓட்டம் மிக வேகமாகிறது. இதுதான் ஜெட் காற்றோட்டம். மேற்கிலிருந்து வீசும் காற்றை நம் ஊரில் மேல்காற்று என்பார்கள். மேற்கிலிருந்தும் வருகிறது, மேலேயும் வீசுகிறது என்பதால் இதற்கு அந்தப் பெயர் இரு பொருளிலும் பொருந்தும். நெடுந்தூர விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில்தான் இதன் நடுப்பகுதி இருக்கிறது. குளிர்காலத்தில் துருவத்துக்கும் வெப்ப மண்டலத்துக்கும் வெப்பநிலை வேறுபாடு கூடும், காற்றோட்டமும் வலுக்கும். அப்போது உலகிலேயே மிக வலுவாக அது வீசும் இடம் ஜப்பானும் அதையடுத்த மேற்குப் பசிபிக்கும். ஏர் இந்தியா விமானம் தேடிப் போனது இதே காற்றைத்தான்.

அந்தக் காற்றை முதலில் முறையாக அளந்தவரும் ஜப்பானியரே. வாசபுரோ ஓயிஷி என்ற வானிலை ஆய்வாளர் தத்தெனோ ஆய்வு நிலையத்திலிருந்து 1920-களில் நூற்றுக்கணக்கான பலூன்களை விட்டு, அவை போகும் போக்கைக் கருவியால் பின்தொடர்ந்து, குளிர்கால வானின் உயரத்தில் அசாதாரணமான மேற்குக் காற்று இருப்பதைக் கண்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926-இல் தன் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட அந்த மொழியை வானிலை ஆய்வாளர்கள் யாரும் படிக்கவில்லை, கண்டுபிடிப்பு உறங்கிப்போனது. 1944 நவம்பரில் டோக்கியோ மீது மிக உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கின. காற்றோடு போனால் குறி பார்க்க முடியாத வேகம்; எதிர்த்துப் போனால் நகரவே முடியாத நிலை. ஜப்பானோ ஓயிஷியின் அறிவைத் தெரிந்துவைத்திருந்தது. அதே மாதம் முதல் 9,000-க்கும் மேற்பட்ட காகித பலூன்களில் வெடிகுண்டுகளைக் கட்டி அந்தக் காற்றில் விட்டது. அவை ஆளே இல்லாமல் பசிபிக்கைக் கடந்தன. பெரும்பாலானவை வீணாயின. 1945 மே 5 அன்று ஓரிகன் காட்டில் விழுந்து கிடந்த ஒன்று வெடித்ததில் ஒரு கர்ப்பிணியும் ஐந்து பிள்ளைகளும் இறந்தார்கள். அறிவியல் வரலாற்றில் இந்த இடத்தை எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை.

அமைதிக் காலத்தில் இந்தக் காற்றைப் பயணத்துக்குப் பயன்படுத்தியதற்குத் தெளிவான தேதி உண்டு. 1952 நவம்பர் 18 அன்று பான் ஆம் நிறுவனத்தின் விமானம் ஒன்று டோக்கியோவிலிருந்து ஹொனலுலுவுக்கு 7,600 மீட்டர் உயரத்தில், காற்றோட்டத்துக்கு உள்ளேயே பறந்தது. 18 மணி நேரப் பயணம் பதினொன்றரை மணியாகக் குறைந்தது. இடையில் இருந்த கடலின் அகலம் ஓர் அடிகூடக் குறையவில்லை.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழலாம். 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் புயல் வீசியபோது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழியில் அதன் வேகம் மணிக்கு 1,327 கி.மீ.யைத் தொட்டது. அந்த உயரத்தின் குளிரில் ஒலியின் வேகமே மணிக்கு 1,060 கி.மீ. அளவுதான். அப்படியானால் அந்த விமானம் ஒலியை மிஞ்சிவிட்டதா? மிஞ்சவில்லை. 1,327 என்பது தரையோடு ஒப்பிட்ட வேகம். காற்றோடு ஒப்பிட்டால் அது வழக்கமான 900 கி.மீ. அளவிலேயே இருந்தது, மீதி அத்தனையும் காற்றின் வேகம். ஒலி பயணம் செய்வதும் காற்றுக்குள்தான், ஆகவே ஒலித்தடை என்பதும் காற்றோடு ஒப்பிட்டே பொருள்படும். என் வாதத்துக்கு இதைவிட நேரடியான சான்று தேடினாலும் கிடைக்காது: உலோகமும் இயந்திரமும் ஒலி அலையும் ஒரே அளவுகோலைத்தான் மதிக்கின்றன, அது காற்றின் அளவுகோல்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. போகும்போது காற்று தள்ளினால் வரும்போது தடுக்கும். போக வர இரண்டையும் கூட்டினால் கணக்கு சரியாகிவிடுமே, பிறகு எதற்கு இத்தனை ஆராய்ச்சி? சரியாகாது. 9,000 கி.மீ. தூரத்தை எடுத்துக்கொள்வோம், விமானத்தின் வேகம் மணிக்கு 900. காற்றே இல்லாவிட்டால் போக 10 மணி, வர 10 மணி. இப்போது மணிக்கு 150 கி.மீ. காற்று வீசுகிறது. போகும்போது வேகம் 1,050. எட்டு மணி 34 நிமிடத்தில் முடிந்துவிடும். வரும்போது 750, பன்னிரண்டு மணி ஆகும். மொத்தம் 20 மணி 34 நிமிடம். சேமித்ததைவிட இழந்தது அதிகம். தடுக்கும் காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது, தள்ளும் காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது என்பதுதான் காரணம். ஒரே வழியில் போய் வந்தால் காற்று எப்போதும் கடன்காரராகவே இருக்கும். அதை ஈடுகட்ட ஒரே உபாயம், போகும் வழியும் வரும் வழியும் வேறாக இருப்பது.

திரும்பும் விமானங்கள் வடக்கே ஏறுவது இதனால்தான். ஜெட் காற்றோட்டம் நடு அட்சரேகைகளில் வலுவாக இருக்கும். துருவத்தை நெருங்க நெருங்கத் தளர்ந்துவிடும். 2021 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம், விமானிகள் அனைவரும் பெண்களாக இருந்த அந்த விமானம், பசிபிக் பக்கமே திரும்பாமல் வடதுருவப் பகுதி வழியாக வந்து ஜனவரி 11 அதிகாலை இறங்கியது. இரு ஊர்களுக்கும் இடையே நேர் தூரம் சுமார் 14,000 கி.மீ.; பறந்த நேரம் ஏறத்தாழ 17 மணி. துருவ வழியிலும் செலவு உண்டு. அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ வகை எரிபொருள் மைனஸ் 40 டிகிரியில் உறையத் தொடங்கும். ஆர்க்டிக்கின் மேல் வெளிக்காற்று அதைவிடக் குளிராக இருப்பது வழக்கம். தொட்டியில் எரிபொருளின் வெப்பநிலையை விமானி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மிகக் குளிர்ந்தால் கீழே இறங்கியோ வேகத்தைக் கூட்டியோ சூடேற்ற வேண்டும். சூரியப் புயல் அடித்தால் வானொலித் தொடர்பும் குலையும். இத்தனையையும் ஏற்றுக்கொண்டு அந்த வழியில் போகிறார்கள் என்றால், எதிர்காற்றின் விலை அவ்வளவு அதிகம் என்று பொருள்.

விலை என்பது வெறும் உவமை இல்லை. இயந்திரம் எரிபொருளைக் குடிப்பது காற்றில் செலவிடும் நேரத்துக்கு ஏற்ப. கீழே எத்தனை கிலோமீட்டர் நகர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. நெடும்பயணத்தில் எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் வேண்டும். சிங்கப்பூர் – நியூயார்க் பயணத்துக்கென்றே உருவான ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் 280 டன் எடையோடு கிளம்பலாம். அதன் தொட்டிகள் 1,65,000 லிட்டர் கொள்ளும், அதாவது ஏறக்குறைய 130 டன். கிளம்பும் எடையில் பாதிக்குச் சற்றே குறைவு! அதனால்தான் 2018-இல் அந்தச் சேவை 161 இருக்கைகளோடு தொடங்கியது. இந்த நிலையில் ஒரு மணி நேர எதிர்காற்று என்பது இன்னும் சில டன் எரிபொருள், அதைச் சுமக்க இன்னும் கொஞ்சம், கடைசியில் ஏற்ற முடியாமல் போகும் பயணிகள். மறுபக்கம், காற்று துணை நின்றால் எவ்வளவு தூரம் எட்ட முடியும் என்பதை 2005 நவம்பரில் போயிங் காட்டியது. ஹாங்காங்கிலிருந்து லண்டன் சுமார் 9,600 கி.மீ. மேற்கே. 777-200எல்ஆர் விமானத்தை அவர்கள் கிழக்கே, பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக் எல்லாம் தாண்டி ஓட்டி, 21,602 கி.மீ.யை எங்கும் நிற்காமல் 22 மணி 42 நிமிடத்தில் கடந்தார்கள். சாதனை படைக்க அவர்கள் கிழக்குத் திசையைத் தேர்ந்தது தற்செயல் இல்லை.

வீசும் காற்றுக்கு நடுவே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மிகக் குறைந்த நேரத்தில் போவது எப்படி என்ற கேள்வியைக் கணிதமாக எழுதித் தீர்த்தவர் எர்ன்ஸ்ட் செர்மெலோ, 1931-இல். அதன் விடை பெரும்பாலும் நேர்கோடாக இருப்பதில்லை. இன்று வட அட்லாண்டிக்கில் அந்த விடை நடைமுறையாகவே இருக்கிறது. அங்கே பெரும்பாலும் நிலையான வான்பாதைகள் கிடையாது. ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக், கனடாவின் காண்டர் ஆகிய இரு கட்டுப்பாட்டு மையங்களும் வானிலை முன்கணிப்பைப் பார்த்து நாளுக்கு இரு முறை புதிய பாதைகளை வகுத்து வெளியிடுகின்றன. பகலில் மேற்கே போகிறவற்றுக்கு ஒரு தொகுதி, இரவில் கிழக்கே வருகிறவற்றுக்கு வேறொரு தொகுதி. கிழக்கே வரும் பாதைகள் ஜெட் காற்றோட்டத்தைத் தேடி வளையும். மேற்கே போகும் பாதைகள் அதை விட்டு விலகும். நேற்று அயர்லாந்துக்கு நேரே போன வழி இன்று கிரீன்லாந்தின் தென்முனை வரை ஏறியிருக்கலாம்.

எல்லாவற்றையும் காற்றின் தலையில் கட்டிவிடக் கூடாது என்ற மறுப்பை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். தரைத் தூரமே உண்மையில் நீண்டுவிடும் சமயங்களும் உண்டு, அதற்குக் காரணம் மனிதர்கள். ஹெல்சிங்கி – டோக்கியோ தூரம் சுமார் 7,800 கி.மீ.; ரஷ்யாவின் மேல் பறந்து ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடலாம். 2022-இல் உக்ரைன் போரை அடுத்து ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஃபின்ஏர் வடதுருவத்தைச் சுற்றி ஏறக்குறைய 12,900 கி.மீ. பறக்க வேண்டியதாயிற்று, நேரம் சுமார் 13 மணி. 1983-இல் சோவியத் வானைத் தவிர்த்து அதே நிறுவனம் டோக்கியோவுக்குப் பறந்தபோதும் சுமார் 13 மணிதான் ஆனது. நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பயணிகள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டதும் டெல்லியிலிருந்து மேற்கே போகும் நெடும்பயணங்களுக்கு இதே கதி நேர்ந்தது. வட அமெரிக்கா போகும் சில விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கிப் போயின. ஆனால் இப்படிப்பட்ட நேரத்திலும் கடைசித் தேர்வு காற்றிடமே வருகிறது. ஹெல்சிங்கியிலிருந்து ரஷ்யாவைத் தவிர்க்க வடக்கே ஒரு வழி, தெற்கே ஒரு வழி என இரண்டு உண்டு. எதில் போவது என்பதை அன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அப்படியானால் கிலோமீட்டர் எண்ணைக் குப்பையில் போட்டுவிடலாமா? வேண்டாம். டெல்லி – சான் பிரான்சிஸ்கோவின் 12,370-ஐ மணிக்கு 850 கி.மீ. என்ற சராசரியால் வகுத்தால் பதினான்கரை மணி வருகிறது; பசிபிக் வழியில் பறந்த விமானத்துக்கு ஆன நேரமும் அதுவே. கணக்கு சரியாக வந்துவிட்டதே என்று மகிழ்வதற்குமுன் பார்க்க வேண்டியது, அதற்குப் பின்னால் இருந்த இரண்டு தவறுகளை. அந்த விமானம் 12,370 கி.மீ. பறக்கவும் இல்லை, 850 வேகத்தில் போகவும் இல்லை. 2,900 கி.மீ. கூடுதல் தூரமும் மணிக்கு 200 கி.மீ. கூடுதல் வேகமும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. திரும்பும் பயணத்துக்கு அதே வகுத்தலைப் போட்டால் விடை பிழையாகிவிடும். நம் முன்னோர் கூப்பிடு தூரம் என்றார்கள்; அதில் நிலம் மட்டும் இல்லை, குரலும் காற்றும் சேர்ந்தே இருந்தன. விமான நிறுவனங்களின் கால அட்டவணையும் ஏறக்குறைய அப்படிப்பட்ட அளவுதான். குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று அவை தனித்தனியாகப் போடப்படுகின்றன. கிழக்கே ஒரு நேரம், மேற்கே வேறு நேரம். நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் மறு ஊரில் வந்து நிற்பது வரை எண்ணுவதால், ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நிமிடங்களும் அதில் அடங்கிவிடும். பயணச்சீட்டில் உள்ள நேரம் பல ஆண்டுகளின் காற்றைச் சராசரி எடுத்துச் சொல்லும் எண். அதைத் தூரத்தின் அளவாக வாசிக்கத் தெரிந்தால், வரைபடத்தின் கிலோமீட்டரைவிட அது அதிகம் சொல்லும்.

அந்தச் சராசரியும் நிலையானது என்று நம்ப இனி இடமில்லை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பால் வில்லியம்ஸ் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, வளிமண்டலத்தில் கரியமில வாயு இரட்டித்தால் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே என்ன ஆகும் என்று கணக்கிட்டது. அந்த வழியில் குளிர்கால ஜெட் காற்றோட்டம் வலுக்கிறது. கிழக்கே வரும் விமானங்கள் இன்னும் சீக்கிரம் வரும், மேற்கே போகிறவை இன்னும் தாமதமாகும். போக வரக் கூட்டினால் முன்னர் பார்த்த அதே பற்றாக்குறை தலைகாட்டுகிறது: அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மணி நேரம் கூடுதலாக வானில் இருக்க வேண்டிவரும். அந்த நேரம் முழுவதும் எரியும் எரிபொருளின் புகை, காற்றோட்டத்தை வலுக்கச் செய்த அதே வளிமண்டலத்தில்தான் போய்ச் சேரும்.